மட்கார்டில் கீறல்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் இருக்கிற அளவுக்கு நன்றாக இருக்கிறோம். மாப்பிள்ளைக்கு முதுகு வலி குறைந்ததா? குழந்தைக்குப் பின்னக் கணக்கு இன்னும் தகராறு செய்கிறது என்றாயே, ஒரு ஆப்பிளை வெட்டிக் காட்டு. புத்தகத்தைப் பிறகு திறக்கலாம்.

தினமும் போனில் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனாலும் நீ ஒரு கையால் சமைத்துக்கொண்டே பேசுகிறாய். நான் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அம்மாவுக்கு ஊட்டிக்கொண்டே பேசுகிறேன். முக்கியமானதைச் சொல்வதற்குள் உன் வீட்டிலோ என் வீட்டிலோ யாராவது மணி அடித்துவிடுகிறார்கள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. காலமெல்லாம் வகுப்பில் பேசியவனுக்கு இந்த வசதி பிடித்துப் போய்விட்டது.

அம்மாவைப் பற்றி. பக்கவாதம் வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. வலது கை இன்னும் மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரிதான் கிடக்கிறது. பேச்சும் அதே ஒரு சொல்தான். பசித்தாலும் "அப்புறம்", வலித்தாலும் "அப்புறம்", ஜன்னலில் காக்கை வந்து உட்கார்ந்தாலும் "அப்புறம்". போன வாரம் டாக்டர் மறுபடியும் பார்த்தார். பேனா, கண்ணாடி, கப்பு எல்லாவற்றையும் மேஜையில் வைத்து எது பேனா என்று கேட்டார். அம்மா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். நாம் சொல்வது அவளுக்குப் போய்ச் சேர்வதில்லை என்றே நினைக்க வேண்டியிருக்கிறது என்றார். எனக்கும் வேறு மாதிரி நினைக்கத் தெரியவில்லை.

அம்மாவுக்காக நீ பார்த்து வைத்திருக்கும் பராமரிப்பு இல்லத்திலிருந்து மாத முதல் வாரத்தில் அறை காலியாகிறது என்று சொன்னார்கள். நல்ல காற்று, நல்ல நர்ஸுகள். நான் உன்னோடு வந்து மாடி அறையில் இருக்கலாம், ஞாயிறுதோறும் அம்மாவைப் போய்ப் பார்க்கலாம் என்று நீ போட்ட கணக்கில் தப்பு எதுவும் இல்லை. எனக்கும் வயதாகிறது. அவளைத் தூக்கும்போது என் முழங்கால் "வேண்டாம் சார்" என்கிறது. சரி என்று மனதைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். இன்னும் கையெழுத்துப் போடவில்லை, அவ்வளவுதான்.

வீட்டைக் காலி செய்வதென்றால் ஆமையையும் யாரிடமாவது கொடுத்தாக வேண்டும். நீ சின்ன வயதில் அந்தக் காருக்கு வைத்த பெயரை அம்மா கடைசி வரை ஏற்றுக்கொள்ளவில்லை, ஞாபகம் இருக்கிறதா? "ஆமையோட டயர்ல கால வைக்காதீங்க"ன்னு நான் சொன்னால் "அதுக்குப் பேர் கார்"ன்னு பதில் வரும். எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த நாட்களில் ஊருக்கெல்லாம் டெலிபோன் வயரைச் சரி செய்துவிட்டு, விடுமுறை நாளில் ஓய்வு என்று சொல்லிக்கொண்டு அதன் அடியில் படுத்துக்கொள்வாள். நான் டார்ச் பிடிப்பவன்.

நம் பல் டாக்டர் வாங்கிக்கொள்கிறேன் என்றார். வந்து பார்த்தார். கதவைத் திறந்து, மூடி, டார்ச் அடித்து, தட்டி, "இது ஆடுது, இத கழட்டிரலாம்" என்று பழக்கதோஷத்தில் சொன்னார். நிறம் மங்கியிருக்கிறதே என்றார். நான் பெயிண்டரை வைத்து வெளியேயும் உள்ளேயும் புதிதாக அடித்தேன். டேஷ்போர்டைக் கழற்றி அதற்குப் பின்னால் இருக்கிற தகடு வரை இளநீலம். கண்ணைப் பறிக்கிறது. ஆனால் பெயிண்ட் காய்ந்து எல்லாவற்றையும் திரும்பப் பூட்டிய பிறகு பார்த்தால் வைப்பர் ஓடவில்லை. பெயிண்ட் அடிப்பதற்கு முன்பு வரை ஓடியது. மழையில் ஓட்ட முடியாத வண்டியை வாங்கி என்ன செய்வது, வைப்பரைச் சரிசெய்து கொடுங்கள், எடுத்துக்கொள்கிறேன் என்கிறார் பல் டாக்டர். நியாயம்தான்.

சுவிட்ச் வயரிங்கில்தான் ஏதோ கோளாறு. நான் பார்த்துக்கொள்கிறேன். மின்சுற்றைப் பாடமாக நடத்தியவனுக்கு இதுகூட முடியாதா?

குடும்பத்தோடு நலமாக இரு.

உன் அப்பா

*

அன்பு மகளுக்கு,

உன் பதில் வந்தது. கோபமாக எழுதியிருக்கிறாயோ என்று பயந்து பிரித்தேன், இல்லை. இல்லத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், தள்ளிப்போட வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் நீ சொன்னது சரிதான் என்று உனக்கே இன்னொரு முறை தோன்றும்.

முதலில் வைப்பர். உனக்குப் புரியும்படி சொல்கிறேன். ஒரு வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் என்ன செய்வோம்? தொட்டியில் இருக்கிறதா, குழாயில் வருகிறதா, வளைவு தாண்டி வருகிறதா என்று வரிசையாகப் பார்ப்போம். அதே மாதிரி, சின்ன பல்பு ஒன்றில் இரண்டு வயர் சேர்த்து, ஒன்றைக் கதவுக் கீலின் இரும்பில் மாட்டிவிட்டு, மற்றொன்றால் ஒவ்வோர் இடமாகத் தொட்டுக்கொண்டே போனேன். மின்சாரம் இருக்கிற இடத்தில் பல்பு எரியும்.

நேற்று காலையில் வெயில் இதமாக இருந்ததால், பகலில் வந்து போகிற நர்ஸம்மா அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து கார் பக்கத்தில், முன் மட்கார்டு ஓரமாக நிறுத்தினாள். நான் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். என் கால் மட்டும் கதவுக்கு வெளியே. பழைய பழக்கம், வாய் சும்மா இருக்கவில்லை. அந்தக் காலத்தில் அவள் உள்ளே கிடப்பாள், வெளியே பல்பைப் பார்த்து "எரியுது", "எரியல" என்று குரல் கொடுப்பது என் வேலை. இப்போது நானே தொட்டு, நானே குரலும் கொடுத்தேன். மோட்டாரில் எரியுது. சுவிட்சுக்கு வருகிற வயரில் எரியுது. சுவிட்சைப் போட்டால் சுவிட்சைத் தாண்டிப் போகிற வயரிலும் எரியுது.

அதைச் சொன்னதும் வெளியே படபடவென்று சத்தம். அம்மா இடது கையால் மட்கார்டை அடிக்கிறாள். "அப்புறம், அப்புறம், அப்புறம்" என்று குரல் ஏறிக்கொண்டே போகிறது. நான் எழுந்து வருவதற்குள் நகத்தால் பெயிண்டைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டாள். புது பெயிண்ட். சதைக்குள் நகம் மடிந்து ரத்தம் வருகிறது, விடமாட்டேன் என்கிறாள். கையைப் பிடித்தால் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடியும் சுரண்டுகிறாள். உள்ளங்கை அகலத்துக்கு இரும்பு தெரிகிற மாதிரி ஆக்கிவிட்டாள்.

மீதிக் கூலிக்காக வந்திருந்த பெயிண்டர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "சார், மழமழன்னு கண்ணாடி மாதிரி வச்சிருந்தேன், அம்மா இப்படிப் பண்ணிட்டாங்களே" என்றவர், அவள் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கி, "பரவால்ல விடுங்க, விக்கப் போறோம்னு தெரிஞ்சிருச்சு போல, மனசு கேக்கல" என்றார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நர்ஸம்மா மட்டும், "அழுற மாதிரி தெரியல சார். உங்களத் திட்டுற மாதிரில்ல இருக்கு" என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

இத்தனை வருடம் பார்த்துப் பார்த்து வைத்திருந்த வண்டியைத் தன் நகத்தாலேயே கிழிக்கிறாள் என்றால் உள்ளே என்ன மிச்சம் இருக்கிறது? அன்று முழுக்க சாப்பிடவும் இல்லை. ஸ்பூனைத் தட்டிவிட்டாள். என்னால் இதை இனிமேல் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நாளைக்கு இல்லத்துக்குப் போன் செய்து வருகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போட்ட காகிதங்களை வார இறுதியில் அனுப்புகிறேன்.

வைப்பரைப் பொறுத்தவரை முடிவு தெரிந்துவிட்டது. மின்சாரம் மோட்டாருக்கு வருகிறது, சுவிட்ச் வேலை செய்கிறது, எல்லா இடத்திலும் பல்பு எரிகிறது. ஆகவே போனது மோட்டார்தான். கழற்றி எடுத்து, பழுது பார்ப்பவருக்கு அனுப்பப் போகிறேன்.

மனதைத் தேற்றிக்கொள். நானும் தேற்றிக்கொள்கிறேன்.

அப்பா

*

என் அருமை மகளே,

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. காகிதங்களை எதிர்பார்த்து உறையைப் பிரித்திருப்பாய். அவற்றை நான் அனுப்பவில்லை. ஏன் என்று சொல்கிறேன், தயவு செய்து வேகமாகப் படிக்காதே.

மோட்டாரைக் கழற்றிச் சமையலறை மேஜையில் செய்தித்தாள் விரித்து வைத்திருந்தேன். பாட்டரியும் சார்ஜ் ஏற்றுவதற்காகப் பக்கத்தில் இருந்தது. அனுப்புவதற்கு முன்னால் மூடியைத் திறந்து துடைத்தேன். உள்ளே பித்தளையில் ஒரு சின்ன வட்டத்தகடு, அதில் ஓரிடத்தில் மட்டும் ஒரு வெட்டு. அது எதற்கு என்று எனக்கு இத்தனை வயதில் அன்றுதான் புரிந்தது. நாம் பாதி வழியில் சுவிட்சை அணைத்தாலும் வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிடாது. அந்த வெட்டு வருகிற வரை தானே ஓடி, கீழே போய்ப் படுத்த பிறகுதான் நிற்கும். ஓட்டுகிறவர் கண்ணுக்கு எதிரே குச்சி மாதிரி நிற்கக் கூடாது என்று முகம் தெரியாத ஒருவர் எப்போதோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார். இவ்வளவு நல்ல மூளையில் பிறந்த பொருளைச் செத்துப்போனது என்று பொட்டலம் கட்டுகிறோமே என்று வருத்தமாக இருந்தது.

அம்மா மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தாள். இடது கையை நீட்டினாள். தண்ணீர் கொடுத்தேன், வேண்டாம். துண்டு, வேண்டாம். என் கையில் இருந்த வயரைப் பிடித்து இழுத்தாள். பயந்துகொண்டே விட்டேன். அதன் ஒரு முனை மோட்டாரில் இருந்தது. மறு முனையைப் பாட்டரியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு காதில் வைத்துப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அப்புறம்" என்றாள், மெதுவாக. பையனைக் கரும்பலகைக்குக் கூப்பிடும்போது நான் எந்தக் குரலில் கூப்பிடுவேனோ அதே குரல். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் இன்னொரு வயரை எடுத்தேன். தலையை அசைத்து மோட்டாரின் இன்னொரு முனையைக் காட்டினாள். பிறகு பாட்டரியின் இன்னொரு காதை.

மோட்டார் ஓடியது. மேஜையே நடுங்கும்படி ஓடியது. மேஜையிலிருந்து விழாமல் நான் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

மோட்டார் போகவில்லை. அப்படியென்றால்? அம்மா வயரைக் கீழே போட்டுவிட்டு என் கையை இழுத்து வைத்து, புறங்கையில் நகத்தால் சுரண்டினாள். வலிக்கும்படி அல்ல, நிதானமாக. சுரண்டுவதை நிறுத்திவிட்டு, புரிகிறதா என்பது போல என் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் சுரண்டினாள்.

எனக்கு மட்கார்டு கண்முன் வந்தது.

சொல்கிறேன் கேள். பழைய காரில் பாட்டரியின் ஒரு முனையை வண்டியின் உடம்போடு சேர்த்துவிடுவார்கள். மோட்டாருக்குப் போன மின்சாரம் சுவிட்ச் வழியாக வந்து, டேஷ்போர்டுக்குப் பின்னால் தகட்டில் ஒரு ஸ்க்ரூவில் இறங்கி, காரின் உடம்பு வழியாகப் பாட்டரிக்குத் திரும்ப வேண்டும். பெயிண்டர் அந்த வயரைக் கழற்றி, தகட்டுக்கு அழகாகப் பூசி, காய்ந்த பெயிண்டின் மேலேயே திரும்பப் பூட்டிவிட்டார். பெயிண்டில் மின்சாரம் போகாது. சுவிட்சைத் தாண்டிய வயரில் பல்பு எரியவே கூடாது. அங்கே எரிந்தால் மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல் நிற்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில்தான் நான் படுத்தபடி "எரியுது" என்று பெருமையாகக் கூவினேன். வந்து சேர்ந்ததா என்று ஒவ்வோர் இடத்திலும் பார்த்தவன், திரும்பிப் போக வழி இருக்கிறதா என்று பார்க்கவில்லை. கரும்பலகையில் நான் போடும் படத்தில் போகவும் வரவும் எப்போதும் இரண்டு கோடு இருக்கும். இரண்டாவது கோடு இரும்பாகக் கண்முன்னே நின்றும் எனக்கு அது தெரியவில்லை.

அம்மாவுக்குத் தெரிந்தது. அவள் பல்பைப் பார்க்கவில்லை, கண்ணே. டேஷ்போர்டு அடியில் நடந்தது அவள் இருந்த இடத்திலிருந்து தெரியாது. காதால் கேட்டே கண்டுபிடித்தாள். மோட்டார், சுவிட்ச், தாண்டிப் போகிற வயர் என்று நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் கேட்டு, வரிசையாக அடுக்கி, தப்பு எங்கே என்று நிச்சயம் செய்து, அதைச் சொல்ல வாயில் சொல் இல்லாமல், உடம்பைப் பார் என்று இரும்பை அடித்தாள். பெயிண்டைச் சுரண்டு என்று சுரண்டிக் காட்டினாள். நகம் கிழிகிற வரை காட்டினாள். நாங்கள் பக்கத்தில் நின்று பாவம், மனசு கேட்கவில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். இந்த முழங்காலோடு ஓடினேன். ஸ்க்ரூவைக் கழற்றினால் வயர் முனையின் வளையத்துக்கு அடியில் இளநீலம் பளபளக்கிறது. கத்தியால் சுரண்டி இரும்பு தெரியும்படி செய்து இறுக்கினேன். மோட்டாரையும் பாட்டரியையும் திரும்பப் பூட்ட மாலையாகிவிட்டது. அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்தோம். நர்ஸம்மா கண்ணாடியில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினாள். அம்மா இடது கையால் சுவிட்சைத் திருகினாள். வைப்பர் எழுந்து ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு பக்கம் போய் மறு பக்கம் வந்தது. வேண்டுமென்றே அவள் அதை நடுவில் அணைத்தாள். அது கீழே போய்ப் படுக்கிறதா என்று பார்த்தாள். படுத்தது. தலையை ஆட்டிக்கொண்டாள். "நான் அன்னைக்கே சொன்னேன்ல சார், திட்டுறாங்கன்னு" என்றாள் நர்ஸம்மா. அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயின் ஒரு பக்கம்தான் சிரிக்கிறது. ஆனால் அது சிரிப்பு.

நான் வண்டியின் மேல் சாய்ந்து நின்றுகொண்டேன். எத்தனையோ சூரிய கிரகணத்தை மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறேன். இப்படி ஒரு முறைகூட உடம்பு சிலிர்த்ததில்லை.

அன்றிலிருந்து நான் விடைத்தாளை மறுபடி திருத்துகிற வாத்தியார் மாதிரி உட்கார்ந்து யோசிக்கிறேன். பூஜ்யம் போட்ட ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்க்கிறேன். ஸ்பூனைத் தட்டிவிட்டாளே, அன்று நான் அவளுக்கு ஊட்டிக்கொண்டே உன்னோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். அறை வடக்குப் பார்த்ததா தெற்குப் பார்த்ததா என்று கேட்டேன். நீ, "அம்மாவுக்கு எதுன்னாலும் ஒண்ணுதானப்பா" என்றாய். ஸ்பீக்கரில் கேட்டது. டாக்டர் எது பேனா என்று குழந்தையிடம் கேட்பது போலக் கேட்டபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் இப்போது வேறு மாதிரி தெரிகிறது. ஒரு வருடமாக நாம் பேசியதெல்லாம் அவளுக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. உன்னைக் குற்றம் சொல்லவில்லை. ஸ்பீக்கரைப் போட்டவன் நான்.

டாக்டரிடம் சொன்னேன். அவர் நல்லவர், கூச்சப்படாமல் வந்து அவளிடமே மன்னிப்புக் கேட்டார். எல்லாம் புரியும் என்று உறுதி சொல்ல முடியாது, நீளமாகப் பேசினால் பாதி தவறிப்போகலாம், சின்னச் சின்னதாகக் கேளுங்கள், நேரம் கொடுங்கள், புதிதாகப் பேச்சுப் பயிற்சியும் ஆரம்பிக்கலாம் என்றார். அதன்படி நானும் அவளும் ஒரு வழி வைத்துக்கொண்டோம். ஆம் என்றால் விரலால் ஒரு தட்டு. இல்லை என்றால் கை அசையாது.

முதலில் காரைப் பற்றிக் கேட்டேன். அழுவாள் என்று நினைத்துத் துண்டைத் தயாராக வைத்துக்கொண்டுதான் கேட்டேன். பல் டாக்டருக்குக் கொடுக்கலாமா என்றேன். உடனே தட்டிவிட்டாள். நான்தான் நிஜமாகவா, நிஜமாகவா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். எரிச்சலோடு இன்னொரு தட்டு. அவளுக்கு வண்டி போவது பெரிதில்லை, வைப்பர் ஓடாமல் போகக் கூடாது, அவ்வளவுதான். பல் டாக்டர் நேற்று வந்து எடுத்துக்கொண்டு போனார். மட்கார்டுக்கு மறுபடி பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்றதற்கு, அந்த இடம் அப்படியே இருக்கட்டும், துரு பிடிக்காமல் மெழுகு பூசிக்கொள்கிறேன் என்றார்.

அதற்குப் பிறகு இல்லத்தைப் பற்றிக் கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். நான் உன் வீட்டுக்கு வருவது, அவள் அங்கே இருப்பது, ஞாயிற்றுக்கிழமைகள், என் முழங்கால், எதையும் மறைக்கவில்லை. துண்டு துண்டாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் காத்திருந்தேன். நிறைய நேரம் ஆயிற்று. பதில் சொன்னாள்.

என்ன சொன்னாள் என்று நான் எழுதப்போவதில்லை. பெயிண்ட் சுரண்டியதற்கு நான் அர்த்தம் சொல்லி எழுதிய கடிதம் உன்னிடம் இருக்கிறது. அதை நம்பித்தான் நீ அழுதிருப்பாய். அவள் சொல்ல வருவதை இன்னொரு முறை என் வாயால் நீ கேட்க வேண்டாம். நீ கேட்கிற வரை எதற்கும் கையெழுத்துப் போடமாட்டேன் என்று மட்டும் இல்லத்தில் சொல்லிவிட்டேன். அந்த அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவோம் என்றார்கள். கொடுக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு. போனை அவள் இடது கையில் கொடுத்துவிட்டு நான் வாசலுக்குப் போய்விடுவேன். அவள் விரல் போனின் முதுகில் தட்டுவது உனக்குக் கேட்கும். முதலில் உன் விஷயங்களைச் சொல். குழந்தை பின்னக் கணக்கில் எங்கே தடுமாறுகிறது என்று சொல், அம்மாவுக்குக் கணக்கு பிடிக்கும். பிறகு கேள். பயப்படாமல், சின்னக் கேள்வியாகக் கேள். பதில் வரத் தாமதமானால் கேட்கவில்லையோ என்று நினைத்துக் குரலை உயர்த்தாதே. அவள் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். சமையலை அன்றைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும். எவ்வளவு நேரம் ஆனாலும், அம்மா தட்டுகிற வரைக்கும், தட்டாமல் இருந்தாலும், நீயாகப் போனை வைத்துவிடாதே, கண்ணே.

நீயும் உன் வீடும் எல்லா நலமும் பெற்றிருக்க வேண்டும் என்று இங்கிருந்து இரண்டு பேர் வாழ்த்துகிறோம்.

அப்பாவும் அம்மாவும்